பொதுத் தோட்டமும் ஏழை வீட்டு அடுப்பும்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இருபது நிமிஷம்தான், அதுக்கு மேலே போனா சாப்பாடு ஆறிடும்" என்று செயலாளர் போனிலேயே எச்சரித்துவிட்டார். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். விடுதிக்குப் பின்னால் வேலி வரைக்கும் சும்மா கிடக்கிற நிலம் நம் எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக் குடும்பங்கள் அதில் காய்கறித் தோட்டம் போட்டுக்கொள்ள இடம் கொடுக்கலாமா, சங்கம் கொஞ்சம் பண உதவி செய்யுமா என்று கேட்டு நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். என் பிழைப்பு முழுவதும் ஊட்டச்சத்துப் பணியிலேயே போனதால், இதுபற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "கொடுக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உட்காரலாம். ஆனால் எப்படிக் கொடுப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு உங்களைக் கொஞ்ச தூரம், அமெரிக்கா வரைக்கும், கூட்டிக்கொண்டு போகவேண்டும். பயணச் செலவு கிடையாது, பயப்படாதீர்கள்.

அமெரிக்காவில் ஏழைகளா, அங்கே கீரைக்குப் பஞ்சமா என்று சிலர் முகத்திலேயே கேள்வி தெரிகிறது. லாஸ் ஏஞ்சலீஸ் என்றால் நமக்கு ஹாலிவுட். அதே நகரத்தின் தென்மத்தியப் பகுதி கிட்டங்கிகளும் தொழிற்சாலைகளும் சரக்கு ரயில் பாதையும் நிறைந்தது. கறுப்பின மக்களும், மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்கிற இடம். தெருவுக்குத் தெரு மதுக்கடை உண்டு, நொறுக்குத்தீனிக் கடை உண்டு. வாடாத காய்கறி விற்கிற பெரிய கடையைத் தேடித்தான் போகவேண்டும். 1992 ஏப்ரல் கடைசியில், ரோட்னி கிங் என்ற கறுப்பு இளைஞரைப் போட்டு அடித்த போலீஸ்காரர்களுக்கு எதிரான வழக்கில் தண்டனை இல்லை என்று தீர்ப்பு வந்ததும் அங்கே பெருங்கலவரம் மூண்டது. 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். கடைகள் எரிந்தன. ஏற்கெனவே கடை குறைவு, இருந்ததிலும் பல போயின.

அந்தப் பகுதியில், அலமேடா தெருவும் 41-ஆம் தெருவும் சேரும் இடத்தில் 14 ஏக்கர் நிலம். 1980-களில் மாநகராட்சி குப்பை எரிக்கும் ஆலை கட்டுவதற்காக அதைத் தனியாரிடமிருந்து கட்டாயமாகக் கையகப்படுத்தியது. "எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடும் காற்றில் உங்கள் குப்பைப் புகையா?" என்று அந்தப் பகுதிப் பெண்கள் முன்னால் நின்று போராடினார்கள். ஆலை வரவில்லை. நிலம் சும்மா கிடந்தது. நம் விடுதிப் பின்புறம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், அளவில் மட்டும் பெரிது.

கலவரம் ஓய்ந்த பிறகு, 1994-இல், அந்த நிலம் நகரத் துறைமுகத் துறையின் கையில் இருந்தது. எதிரிலேயே ஏழைகளுக்கு உணவுப்பொருள் வழங்கும் அமைப்பு ஒன்றின் கிடங்கு. டப்பா உணவுக்காக வரிசையில் நிற்கிற மக்கள் தாங்களே பயிர் செய்துகொள்ளட்டுமே என்று அந்த அமைப்பு கேட்க, துறைமுகத் துறை அனுமதி கொடுத்தது. எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிற வகை அனுமதி. இந்த வரியைக் கொஞ்சம் மனசில் வையுங்கள், பின்னால் வருகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அழகு. சுமார் 350 குடும்பங்கள் பாத்தி பிரித்துக்கொண்டன. என்ன போடவேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் பட்டியல் கொடுக்கவில்லை. ஊரில் அம்மா, பாட்டி போட்டதை அவர்களும் போட்டார்கள். மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய், கொய்யா, கரும்பு, வெண்ணெய்ப்பழம். சப்பாத்திக்கள்ளியின் இளமடலை முள் சீவி வதக்கிச் சாப்பிடுவது மெக்சிகோக்காரர்களின் வழக்கம். அதற்கென்றே வரிசை வரிசையாகக் கள்ளி. நம் வீட்டுக் கூட்டில் போடுகிற சௌசௌவும் அங்கே பந்தலில் தொங்கியது. சௌசௌ, கொய்யா, பப்பாளி எல்லாம் அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி நம்மிடம் வந்தவைதான், தாவரவியல் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொன்று சொன்னால் ஆச்சரியப்படுவீர்கள். நம் முளைக்கீரை, தண்டுக்கீரை வகையைச் சேர்ந்த கீரைகளும், தரையோடு படர்கிற பருப்புக்கீரையும் அவர்களுக்கும் ஏழை வீட்டுக் கறி. நகரத்து ஆள் களை என்று பிடுங்கி எறிகிறதை அவர்கள் ஆய்ந்து அடுப்பில் ஏற்றினார்கள். அந்தத் தோட்டத்தில் எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 100 வகைக்கு மேல் தாவரங்கள் இருந்ததாகக் குறித்திருக்கிறார்கள். மருந்துச் செடிகளும் இதில் சேர்த்தி.

கடையில் கிடைக்காத பொருள் கையெட்டும் தூரத்தில் கிடைத்தது. பக்கத்துப் பாத்திக்காரருக்கு நாலு மிளகாய் கொடுத்து ஒரு கைப்பிடி கீரை வாங்கினார்கள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தெருமுனையில் நிற்காமல் தோட்டத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய 10 ஆண்டு இப்படி ஓடியது.

2003-இல் மாநகராட்சி அந்த நிலத்தைப் பழைய உரிமையாளருக்கே விற்றுவிட்டது. தன்னிடமிருந்து எடுத்த நோக்கம் நிறைவேறவில்லை, ஆகவே திருப்பிக் கொடு என்று அவர் வழக்குப் போட்டிருந்தார். அதைச் சமாதானமாக முடிக்கிறோம் என்று மூடிய கதவுக்குள் நடந்த பேச்சில் முடிவானது. விலை 50 லட்சம் டாலருக்குச் சற்று மேல். பயிர் வைத்தவர்களுக்கு அப்போது தெரியாது. 2004 ஜனவரியில் "பிப்ரவரி முடிவுக்குள் காலி செய்யவும்" என்று நோட்டீஸ் ஒட்டியபோதுதான் தெரிந்தது. கோர்ட்டுக்குப் போனார்கள், முதலில் தடை கிடைத்தது, மேல்முறையீட்டில் போயிற்று. சரி, விலைக்கே வாங்குகிறோம் என்றார்கள். அவர் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு மேல் கேட்டார். பாடகர்கள், நடிகர்கள் எல்லாம் வந்து மரத்தில் ஏறி உட்கார்ந்தார்கள், நிதி திரட்டினார்கள். கடைசி நேரத்தில் அறக்கட்டளை ஒன்று பெரும் தொகை தர முன்வந்தது. அவர் விற்கவில்லை. 2006 ஜூன் 13 அதிகாலை போலீஸ் வந்தது. 40 பேருக்கு மேல் கைது. அடுத்த மாதம் புல்டோசர் வந்து மிச்சத்தையும் தரைமட்டமாக்கியது. இதைப் பற்றி 'தி கார்டன்' என்று 2008-இல் வந்த ஆவணப்படம் ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. வாய்ப்புக் கிடைத்தால் தம்பி தங்கைகள் பார்க்கவேண்டும்.

அப்படி அவசரமாகக் காலி செய்த இடத்தில் என்ன எழும்பியது என்று கேட்பீர்கள். 10 ஆண்டுக்கு மேல் ஒன்றும் எழும்பவில்லை. வேலிக்குள் புல் முளைத்துக் கிடந்தது.

அந்த உரிமையாளரைத் திட்டுவது சுலபம். சட்டப்படி அவர் பக்கம் காகிதம் இருந்தது, அவ்வளவுதான். 350 குடும்பங்களிடம் இருந்தது உழைப்பும், "எப்போது வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம்" என்ற அனுமதியும். தோட்டம் செத்தது பூச்சியால் இல்லை, தண்ணீர்ப் பஞ்சத்தால் இல்லை, மக்கள் சண்டையால்கூட இல்லை.

இதே கதை நியூயார்க்கில் வேறு மாதிரி முடிந்தது. அங்கே 1970-களில் நகராட்சியே திவாலாகும் நிலை. வீட்டுக்காரர்கள் வரி கட்டாமல் கட்டடங்களைக் கைவிட்டுப் போனார்கள், பல எரிந்தன, மனைகள் குப்பைமேடாயின. 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணியும் நண்பர்களும் மன்ஹாட்டன் தென்பகுதியில் ஒரு குப்பை மனையைச் சுத்தம் செய்து பாத்தி கட்டினார்கள். அடுத்த ஆண்டு நகராட்சி அதை மாதம் 1 டாலர் வாடகைக்கு விட்டது. ஒன்று பலவாயிற்று. 1999-இல் அப்போதைய மேயர் ஜூலியானி 114 தோட்டங்களை ஏலம் போடப்போகிறேன் என்று கிளம்பினார். ஏலத்துக்கு முன்தினம் பொதுநிலத்துக்கான அறக்கட்டளை ஒன்றும், பாடகி பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் சேர்ந்து ஏறக்குறைய 42 லட்சம் டாலர் கொடுத்து 114-ஐயும் வாங்கிவிட்டன. 2002-இல் வந்த உடன்பாட்டில் இன்னும் பல நூறு தோட்டங்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அங்கேயும் மக்கள் உழைத்தார்கள், இங்கேயும் உழைத்தார்கள். அங்கே நிலத்துக்கு ஒரு கையெழுத்து கிடைத்தது.

சரி, ஊட்டத்துக்கு வருவோம். "நீ சத்துணவைப் பற்றிப் பேச வந்தாயா, பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து வந்தாயா?" என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கண்ணாலேயே கேட்கிறார்.

தோட்டம் போட்டால் ஏழைக் குடும்பத்தின் உடம்புக்கு உண்மையிலேயே நல்லதா? நல்லது என்று சொல்கிற கட்டுரைகள் ஆயிரம் இருக்கும். ஆனால் ஏற்கெனவே காய்கறி தின்னும் பழக்கமுள்ளவர்தான் தோட்டத்துக்கும் வருகிறார், அதனால் அவர் ஆரோக்கியமாக இருப்பதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டால் பதில் கிடையாது. அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடிய ஆய்வு ஒன்று கொலராடோ மாநிலம் டென்வர் நகரத்தில் நடந்தது. தோட்டத்தில் பாத்தி கேட்டுக் காத்திருந்த 291 பேரைச் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே பாத்தி, விதை, நாற்று, கொஞ்சம் பயிற்சி. மறுபாதி ஒரு வருடம் காத்திருக்கவேண்டும். பாதிக்கு மேற்பட்டோர் வருமானம் குறைந்தவர்கள். 2023-இல் முடிவை வெளியிட்டார்கள். பாத்தி கிடைத்தவர்கள், காத்திருந்தவர்களைவிடத் தினம் சுமார் 1.4 கிராம் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டார்கள். உடலுழைப்பு தினம் ஐந்தாறு நிமிடம் கூடியது. மன அழுத்தமும் பதற்றமும் குறைந்தன, அதுவும் ஆரம்பத்தில் அதிகம் கவலையில் இருந்தவர்களுக்கு அதிகமாகவே குறைந்தன.

1.4 கிராம் என்றால் ப்பூ இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கு அந்தச் சின்ன எண் பிடித்திருக்கிறது. பொய் சொல்லாத எண் அது. தினம் ஒரு கைப்பிடி காய் கூடுதலாக, வருடம் முழுக்க, யாரும் மிரட்டாமல். மருத்துவர் சொல்லி, சுவரொட்டி ஒட்டி, வானொலியில் பேசி இவ்வளவு சாதிக்க முடியுமா என்று என் அனுபவத்தில் யோசித்தால், முடியாது என்றுதான் சொல்வேன்.

நம் இடத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் கீரையுமாக 400 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதல். நாலு பேர் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 580 கிலோ. ஒரு குடும்பத்துக்கு ஒரு சென்ட், அதாவது 40 சதுர மீட்டர் கொடுக்கிறோம். எருவும் தண்ணீரும் தட்டாமல் கிடைத்து, சதுர மீட்டருக்கு வருடம் 4 கிலோ எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் 160 கிலோ. தேவையில் கால்வாசிக்குச் சற்று மேல். அரிசியும் பருப்பும் அதில் வராது. ரேஷன் கடைக்கும் கூலி உயர்வுக்கும் தோட்டம் மாற்று ஆகாது. யாராவது மேடையேறி "இனி இந்தக் காலனியில் பசியே இருக்காது" என்று பேசினால் தயவுசெய்து கைதட்டாதீர்கள்.

ஆனால் அந்தக் கால்வாசியில் இருப்பதுதான் ஏழை வீட்டுத் தட்டில் இல்லாதது. வயிறு சோற்றால் நிரம்பிவிடுகிறது. மாசக் கடைசியில் கை இறுகும்போது முதலில் நிற்பது காயும் பழமும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டில் ஒருவருக்கு மேல். இந்த மண்டபத்திலும் அது இருக்கும், தங்கைகள் யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கீரை தின்றால் ரத்தம் ஊறும் என்று பாட்டி சொன்னதில் உண்மை உண்டு, முழு உண்மை இல்லை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு அரைகுறையாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ சேர்ந்தால் அதிகம் எடுக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறைத்துவிடும். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக்கூடாது, இரண்டும் வேண்டும். முருங்கைக்கீரை, முளைக்கீரை, பப்பாளி, இவற்றில் கண்ணுக்கு வேண்டிய 'ஏ' சத்து ஏராளம். அது உடம்பில் சேர ஒரு கரண்டி எண்ணெய் வேண்டும். வெறுந்தண்ணீரில் வேகவைத்துக் கொட்டினால் பாதிப் பயன் போயிற்று. முளைக்கீரை 25 நாளில் பறிக்கலாம். அரைக்கீரை அறுக்க அறுக்கத் துளிர்க்கும். முருங்கைக் கிளை ஒன்று நட்டால் போதும். இதெல்லாம் காலனித் தாய்மார்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. விடுதியில் கீரை போட்ட நாளெல்லாம் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவைத்த நமக்குத்தான் சொல்லித் தரவேண்டும்.

மாணவர்கள் மனுவில் விதை, மண்வெட்டி, தெளிப்பான் எல்லாம் விலையோடு எழுதியிருக்கிறார்கள். நல்ல உழைப்பு. ஆனால் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. ஒன்று மண். அந்த இடத்தின் ஒரு மூலையில் பழைய கட்டட இடிபாடு கொட்டியிருக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-இல்தான் நின்றது, ஆகவே ரோட்டோரத்து மண்ணையும் நம்பமுடியாது. ஈயம் கீரைக்குள் வேர்வழியாக ஏறுவதைவிட, இலையில் ஒட்டிய புழுதியாகவும் பிள்ளைகளின் விரல் வழியாகவும்தான் அதிகம் உள்ளே போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிற விஷம் அது. சத்துக்காகத் தோட்டம் போட்டு விஷம் கொடுத்த கதையாகிவிடக் கூடாது. விதை வாங்குமுன் நாலு இடத்தில் மண் எடுத்துச் சோதிக்கவேண்டும். வேதியியல் துறை மனது வைத்தால் இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு நல்ல புராஜெக்ட். மோசமென்றால் அந்த மூலையை விட்டுவிட்டு, மற்ற இடத்தில் வெளிமண்ணும் எருவும் கொட்டி மேட்டுப்பாத்தி கட்டலாம்.

இரண்டாவது தண்ணீர். மே மாதம் விடுதி மூடியிருக்கும், மோட்டார் போட ஆள் இருக்காது. அந்த ஒரு மாதத்தில் 11 மாத உழைப்பு காய்ந்துபோகும். மோட்டார் அறைச் சாவி ஒன்று காலனிக்காரர் கையில் இருக்கவேண்டும். விடுதியில் குளிக்கிற தண்ணீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டால் வாழைக்கும் முருங்கைக்கும் தாராளமாகப் போதும். கீரைக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீர். ஆட்டுக்கு எதிராக வேலி போடுவதைப் பற்றி நான் பேசவில்லை, ஆடு தானே வந்து உங்களிடம் பேசும்.

இனி அந்த அனுமதி விஷயம். நிர்வாகம் மனதாரச் சம்மதித்திருக்கிறது என்று முதல்வர் அவர்கள் காலையில் சொன்னபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. அதை எழுத்தில் கேட்பது மரியாதைக் குறைவு என்று தயவுசெய்து நினைக்கக்கூடாது. இன்றைய முதல்வர் ஓய்வுபெறுவார், நிர்வாகக் குழு மாறும், நாளைக்கு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டோ புதுக் கட்டடமோ தேவைப்படும். தேவைப்படுவதில் தப்பே இல்லை, கல்லூரி நிலம்தானே. ஆனால் கொய்யா வைத்தவள் காய் பறிக்க மூன்று வருடம் காத்திருக்கவேண்டும். நிலம் நாளைக்கு இருக்குமா என்று தெரியாதவள் கொய்யா வைக்கமாட்டாள், எருவும் போடமாட்டாள். 25 நாள் கீரையோடு நிறுத்திக்கொள்வாள், அதுதான் புத்திசாலித்தனம்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள் பண உதவியைப் பற்றியதல்ல. 5 ஆண்டுக்குக் கல்லூரி நிர்வாகமும் காலனிக் குடும்பங்களும் கையெழுத்திட்ட ஒரு காகிதம். வாடகை வருடத்துக்கு 1 ரூபாய் போதும். இடம் திரும்ப வேண்டுமானால் ஒரு முழு அறுவடைக்குக் குறையாத அவகாசம், முடிந்தால் மாற்று இடம். எந்தப் பாத்தி யாருக்கு, என்ன பயிர், எப்போது பறிப்பது எல்லாம் அவர்கள் முடிவு. நம் மாணவர்கள் மண் சுமக்கலாம், வேலி கட்டலாம், பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைக்கலாம். பெயர்ப்பலகை வைத்தால் சின்னதாக வையுங்கள். அந்த இடத்தில் ஒரு பூசணிக் கொடி படரும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மனுவின் நகல்கள் வரவேற்பு மேஜையில் இருக்கின்றன. ஒப்பந்தம் எப்படி இருக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதி நானும் அதோடு வைத்திருக்கிறேன். வழக்கறிஞர்களாக இருக்கும் நம் பழைய மாணவர்கள் மூன்று பேரையாவது இங்கே பார்க்கிறேன், அவர்கள் கொஞ்சம் திருத்திக் கொடுத்தால் உபகாரம். காலனியிலிருந்து நாலைந்து தாய்மார்கள் பிற்பகல் 3 மணிக்கு வருவதாக மாணவர்கள் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தாவரவியல் துறையில் அவர்களோடு உட்காருவோம். நாற்காலி போதாவிட்டால் எல்லோருக்கும் ஜமக்காளம் விரிக்கச் சொல்லுங்கள்.